அமைதி வாரத்தில் விழுந்த அடி: ஆப்பிரிக்க நாவல்களில் மரபும் காலனியமும்

விதைப்புக்கு முன்னால் வரும் ஒரு வாரத்தில் ஊரில் யாரும் யாரையும் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லக்கூடாது. அது நிலத்தாய் அனியின் வாரம். அந்த வாரத்தில் ஒகோன்க்வோ தன் இளைய மனைவியை அடித்துவிடுகிறான். தோழி வீட்டுக்குத் தலைபின்னப் போனவள் சமைக்கும் நேரத்துக்குத் திரும்பவில்லை. அவன் கண்ணில் அதுதான் குற்றம். பூசாரி வந்து அபராதம் விதிக்கிறார்: ஒரு பெட்டை ஆடு, ஒரு கோழி, ஒரு துணி, நூறு சோழி.

அப்புறம் ஊரிலேயே மூத்தவரான எஸெயுடு, தன்னைப் பார்க்க வந்தவர்களிடம் பழைய கதை ஒன்றைச் சொல்கிறார். இப்போதெல்லாம் இந்தக் குற்றத்துக்குத் தண்டனை ரொம்ப லேசாகிவிட்டதாம். முன்னொரு காலத்தில் அமைதியைக் குலைத்தவனை உயிர் போகும்வரை ஊர் முழுக்கத் தரையில் இழுத்துப் போவார்கள் என்று அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார். பிறகு அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். எந்த அமைதியைக் காப்பாற்ற அந்தத் தண்டனை வந்ததோ, அந்த அமைதியையே அது கெடுத்தது என்பதால்.

நைஜீரியாவின் சினுவா அச்செபே எழுதிய 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவலின் நான்காம் அத்தியாயத்தில் இது வருகிறது. சில வரிகள்தான். வேகமாகப் படிக்கிறவர் தாண்டிப் போய்விடலாம். முதல் வாசிப்பில் நானும் தாண்டித்தான் போனேன். ஆனால் ஆப்பிரிக்க நாவல்களில் மரபு, காலனியம், பண்பாட்டு மாற்றம் என்று பேசுவதற்கெல்லாம் சாவி இந்தச் சில வரிகளில் இருக்கிறது. கதைக்குள் வெள்ளைக்காரர்கள் இன்னும் வரவில்லை. பள்ளிக்கூடமும் தேவாலயமும் வரவில்லை. அதற்கு முன்பே அந்த ஊர் தன் வழக்கம் ஒன்றைத் தானே எடைபோட்டுப் பார்த்து, சரியில்லை என்று கண்டு, மாற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த நாவல்களைப் பற்றிப் பேசும்போது 'பண்பாட்டு மோதல்' என்ற சொல் உடனே வந்துவிடும். ஒரு பக்கம் அசையாமல் கிடந்த பழைய மரபு, இன்னொரு பக்கம் கப்பலேறி வந்த புதிய நாகரிகம், இரண்டும் முட்டிக்கொண்டன என்று ஒரு படம். நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயிங்கா 1975-இல் வந்த தன் நாடகம் ஒன்றின் முன்னுரையிலேயே, இதைப் பண்பாட்டு மோதல் என்று சுருக்கிவிடாதீர்கள் என எச்சரித்தார். அவர் கவலை நியாயமானது. அந்தப் படத்தில் மரபு வெறும் கல்லாக நிற்கிறது. இந்த எழுத்தாளர்கள் காட்டும் மரபோ பேசுகிறது, சண்டை போடுகிறது, தப்புச் செய்கிறது, தன்னைத் திருத்திக்கொள்கிறது. காலனியம் வந்து பறித்தது அந்தத் திருத்திக்கொள்ளும் உரிமையை. எது மாற வேண்டும், எப்போது மாற வேண்டும் என்று முடிவுசெய்யும் இடம் ஊர் மன்றத்திலிருந்து வேறு எங்கோ போய்விட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் இந்த நாவல்கள் வேறு மாதிரித் திறக்கும்.

கொஞ்சம் பின்னணி

1884 நவம்பரிலிருந்து 1885 பிப்ரவரி வரை பெர்லினில் ஒரு மாநாடு நடந்தது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் யார் எந்தப் பகுதிக்கு உரிமை கொண்டாடலாம், அதற்கு விதி என்ன என்று 14 நாடுகளின் பிரதிநிதிகள் கூடிப் பேசினார்கள். அதில் ஓர் ஆப்பிரிக்க ஆட்சியாளருக்குக்கூட இடமில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் நீங்கலாகக் கிட்டத்தட்ட கண்டம் முழுவதும் ஐரோப்பியர் கைக்குப் போய்விட்டது. வடக்கையும் தெற்கையும் ஒன்றாக இணைத்து நைஜீரியா என்ற ஒற்றை நிர்வாகத்தை பிரிட்டன் 1914-இல் உண்டாக்கியது.

இந்த வேகம் முக்கியம். ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள் எல்லாம் நடந்து முடிந்தது. தாத்தா ஊர்த் தெய்வத்துக்குப் பலி கொடுத்தார், அப்பா ஞானஸ்நானம் பெற்றார், மகன் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தான். அச்செபேயின் குடும்பமே இப்படித்தான். 1930-இல் ஒகிடி என்ற ஊரில் பிறந்தார். அப்பா கிறித்தவ உபதேசியார். பையனுக்கு ஆல்பர்ட் என்று பெயர் வைத்தார்கள். இபாடானில் பல்கலைக்கழகக் கல்லூரியில் படிக்கும்போது, ஆங்கிலோ-ஐரிஷ் எழுத்தாளர் ஒருவர் நைஜீரியாவைப் பற்றி எழுதிய நாவலைப் பாடமாக வைத்திருந்தார்கள். அதில் வரும் நைஜீரியர்களில் ஒருவரைக்கூடத் தனக்குத் தெரிந்த மனிதராக அவரால் பார்க்க முடியவில்லை. தன் மக்களின் கதையைத் தானே சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1958-இல் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' லண்டனில் வெளியானது. எல்லாம் சிதறிப்போகிறது என்று பொருள்படும் அந்தத் தலைப்பை, ஐரிஷ் கவிஞர் யேட்ஸின் கவிதையிலிருந்து எடுத்தார். நைஜீரியா விடுதலை பெற அப்போது இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

விரிசல் எங்கே இருந்தது

அந்த நாவலில் 25 அத்தியாயங்கள். முதல் 13 அத்தியாயங்களில் நாம் முழுக்க முழுக்க உமுவோஃபியா என்ற, இக்போ இன மக்களின் ஊருக்குள்ளேயே இருக்கிறோம். வெள்ளைக்காரர்களைப் பற்றி இடையில் ஒரு வேடிக்கைப் பேச்சு வருகிறது, அவ்வளவுதான். விருந்தாளி வந்தால் கோலா கொட்டையை உடைத்துப் பகிர்வது, நம் வீடுகளில் வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டுவது போல. யாம் என்ற வள்ளிக்கிழங்கு விளைச்சல்தான் ஆண்மைக்கு அளவுகோல். மல்யுத்தம், கல்யாணப் பேச்சு, முகமூடியணிந்த முன்னோர்கள் நடத்தும் வழக்கு விசாரணை, நிலா இல்லாத இரவின் பயம் என்று எல்லாம் வருகிறது. பாதிப் புத்தகத்தை அச்செபே இதற்குக் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. எது உடையப்போகிறது என்று தெரிந்தால்தானே உடையும்போது வலிக்கும்?

அதே நேரம் அவர் அந்த ஊரைப் பொன்னுலகமாகக் காட்டவில்லை. இரட்டைக் குழந்தை பிறந்தால் மண்பானையில் போட்டுக் காட்டில் எறிகிறார்கள். 'ஒசு' என்று ஒரு பிரிவினர் இருக்கிறார்கள். தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். ஊரார் அவர்களோடு மணஉறவு வைப்பதில்லை, அவர்கள் முடி வெட்டக்கூடாது, மன்றத்தில் வந்து உட்காரக்கூடாது. இகெமெஃபுனா என்று ஒரு பையன். பக்கத்து ஊர் செய்த கொலைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டு, ஒகோன்க்வோவின் வீட்டில் மூன்று ஆண்டுகள் பிள்ளையாக வளர்ந்தவன். அவனைக் கொல்ல வேண்டும் என்று தெய்வ வாக்கு வருகிறது. "அந்தப் பையன் உன்னை அப்பா என்று கூப்பிடுகிறான், அவன் சாவில் நீ கை வைக்காதே" என்று எஸெயுடு வந்து சொல்லிவிட்டுப் போகிறார். ஒகோன்க்வோ கேட்கவில்லை. கோழை என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், அடைக்கலம் தேடி ஓடிவரும் பையனைத் தானே வெட்டுகிறான்.

அன்று இரவு ஒகோன்க்வோவின் சொந்த மகன் ந்வோயேக்கு உள்ளுக்குள் ஏதோ அறுகிறது. இழுத்துக் கட்டிய வில்லின் நாண் தெறிப்பது போல என்று அச்செபே எழுதுகிறார். இதற்கு முன்பும் ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது. அறுவடை முடிந்து யாம் கூடைகளோடு வீடு திரும்பும்போது, அடர்ந்த காட்டுக்குள்ளிருந்து ஒரு சிசுவின் அழுகுரல் கேட்டது. உடன் வந்த பெண்கள் பேச்சை நிறுத்தி நடையை எட்டிப் போட்டார்கள். அந்த நாளில்.

பல ஆண்டுகள் கழித்து மிஷனரிகள் வருகிறார்கள். இருளிலும் அச்சத்திலும் இருந்த சகோதரர்களைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுகிறார்கள். திரித்துவம் பற்றி அவர்கள் சொன்னது ந்வோயேக்கு மண்டையில் ஏறவில்லை. பாட்டு ஏறியது. காட்டில் அழுத குழந்தைகள், வெட்டுப்பட்ட இகெமெஃபுனா என்று அவனுக்குள் கேள்வியாகவே கிடந்ததற்கு அந்தப் பாட்டு பதில் போலத் தோன்றியது. அவன் போய்விடுகிறான். பின்னால் ஐசக் என்று பெயரும் மாறுகிறது. நாலுமுறை இரட்டைக் குழந்தை பெற்று நாலுமுறையும் காட்டுக்குப் பறிகொடுத்த நெகா என்ற பெண், ஐந்தாவது கர்ப்பத்தோடு தேவாலயத்துக்குப் போகிறாள். ஒசு மக்கள் போகிறார்கள், நடுக்கத்தோடு தங்கள் சடைமுடியை மழித்துக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தை நிதானமாகப் படிக்கச் சொல்வேன். யாரும் அவர்களைத் துப்பாக்கி முனையில் மதம் மாற்றவில்லை. மரபு யாரை வெளியே நிறுத்தியிருந்ததோ அவர்கள்தான் முதலில் போனார்கள். விரிசல் ஏற்கெனவே இருந்தது. அந்த விரிசலை ஊருக்குள்ளேயே பார்த்தவர்களும் இருந்தார்கள். ஒகோன்க்வோவின் நண்பன் ஒபியெரிகா, தன் மனைவிக்குப் பிறந்த இரட்டையரைத் தானே எறிந்தவன், ஒருநாள் உட்கார்ந்து யோசிக்கிறான்: அந்தக் குழந்தைகள் என்ன குற்றம் செய்தன? அவனுக்குப் பதில் கிடைக்கவில்லை. இன்னொரு தலைமுறை விட்டிருந்தால் அந்தக் கேள்வி மன்றத்துக்கு வந்திருக்கலாம், அமைதி வாரத் தண்டனை போல அதுவும் கைவிடப்பட்டிருக்கலாம். நாவலை மூடிவைத்த பிறகும் எனக்கு ஆறாமல் இருப்பது இதுதான். அதற்கு நேரம் கொடுக்கப்படவில்லை.

ஏனென்றால் பாட்டுக்குப் பின்னாலேயே நீதிமன்றம் வந்தது, சிறைச்சாலை வந்தது. ஊர் வழக்கம் தெரியாத, ஊர் மொழியும் தெரியாத ஜில்லா கமிஷனர் தீர்ப்புச் சொல்கிறார். ஒரு நிலத் தகராறில், நீதிமன்றத் தூதுவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பணம் கொடுத்த குடும்பத்துக்கே நிலம் போகிறது. சாம்பல் நிறக் கால்சட்டை போட்ட அந்தத் தூதுவர்களை ஊரார் 'சாம்பல் பிட்டம்' என்று கேலிப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். மிஷனரியோடு வந்த மொழிபெயர்ப்பாளர் பேசும் இக்போவும் வேறு வட்டாரத்தது. அவர் 'நான்' என்று சொல்லும்போதெல்லாம் கேட்பவர் காதில் 'என் பிட்டம்' என்று விழுகிறது. சிரிப்பு வரும். ஆனால் ஒரு மக்களின் சாமியையும் சட்டத்தையும் மாற்றும் பேச்சுவார்த்தை இப்படிப்பட்ட ஒருவர் வாய் வழியாகத்தான் நடந்தது.

வியாபாரமும் வந்தது. பனையெண்ணெய்க்கும் பனங்கொட்டைக்கும் முதல்முறையாக நல்ல விலை கிடைத்தது, ஊரில் பணம் புழங்கியது. பிரவுன் என்ற பாதிரியார் பள்ளிக்கூடம் திறந்து, வருகிறவர்களுக்கு பனியனும் துண்டும் கொடுத்தார். அவர் நல்ல மனிதர், ஊர்ப் பெரியவரோடு உட்கார்ந்து கடவுளைப் பற்றி மணிக்கணக்கில் வாதம் செய்தார். அதனால் மாற்றத்தை முழுத் தீமையாகப் பார்க்க ஊராராலும் முடியவில்லை. கடைசியில் ஒகோன்க்வோ தூதுவன் ஒருவனை வெட்டியபோது, ஊர் அவன் பின்னால் எழவில்லை. ஏன் வெட்டினான் என்று கேட்டது.

அவன் தூக்கில் தொங்குகிறான். தற்கொலை நிலத்தாய்க்கு எதிரான குற்றம், அதனால் சொந்த இனத்தார் அந்த உடலைத் தொடக்கூடாது. அந்நியர்தான் இறக்க வேண்டும். மரபுக்காகவே வாழ்ந்ததாக நினைத்தவனைப் புதைக்கும் உரிமைகூட மரபுக்கு இல்லாமல் போகிறது. பக்கத்தில் நிற்கும் கமிஷனர், தான் எழுதப்போகும் புத்தகத்தில் இந்த ஆளுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கலாமா என்று யோசிக்கிறார். அப்புறம், அத்தியாயம் வேண்டாம், ஒரு பத்தி போதும் என்று முடிவு செய்கிறார்.

தெய்வமும் ஒருநாள் செய்யப்பட்டதுதான்

அச்செபேயின் மூன்றாவது நாவல் 'ஏரோ ஆஃப் காட்', 1964-இல் வந்தது. என்னைக் கேட்டால் இதுதான் அவருடைய ஆழமான நாவல். உமுவாரோ என்ற ஊர்க் கூட்டமைப்பின் தலைமைப் பூசாரி எஸெயுலு. அவர் பூசை செய்யும் தெய்வம் உலு. இந்தத் தெய்வம் ஆதியிலிருந்தே இருந்ததாக நாவல் சொல்லவில்லை. ஆறு ஊர்கள் தனித்தனியாக இருந்த காலத்தில், கொள்ளைக்காரர்கள் ராத்திரியில் வந்து வீடுகளைக் கொளுத்தி ஆட்களை அடிமைகளாகப் பிடித்துப் போனார்கள். ஆறு ஊரும் சேர்ந்து, மந்திரவாதிகளை அழைத்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரு தெய்வத்தை நிறுவிக்கொண்டன. அதுதான் உலு. ஊருக்குத் தேவைப்பட்டதால் பிறந்த தெய்வம். பக்கத்தில் அனின்டா என்ற ஊரில், தங்களைக் கைவிட்ட ஒரு தெய்வத்தை எல்லை வரை தூக்கிப் போய்க் கொளுத்திவிட்டார்கள் என்றும் கதையில் வருகிறது. மரபு என்றால் மனிதர் கையால் ஆனது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வுக் கட்டுரையும் சொன்னதாக நினைவில்லை.

இக்போ ஊர்கள் பலவற்றில் ராஜா என்று யாரும் கிடையாது, மன்றம் கூடித்தான் முடிவெடுக்கும். ஆனால் பிரிட்டிஷ் ஆட்சிக்கு 'உள்ளூர்த் தலைவர் மூலம் ஆள்வது' என்ற திட்டம் பிடித்திருந்தது. தலைவர் இல்லாத இடத்தில் ஆணை எழுதிக்கொடுத்துத் தலைவர்களை உண்டாக்கினார்கள். அந்தத் தலைவர்களின் அட்டூழியமும், பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற அச்சமும் சேர்ந்துதான் 1929-இல் கிழக்கு நைஜீரியாவில் ஆயிரக்கணக்கான பெண்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. நாவலில் எஸெயுலுவுக்கு அந்தத் தலைவர் பதவியைக் கொடுக்கிறார்கள். அவர் மறுக்கிறார். பிடித்து அடைத்துவைக்கிறார்கள்.

இங்கேதான் சிக்கல். ஒவ்வொரு பிறை தெரியும்போதும் எஸெயுலு ஒரு புனித யாம் சாப்பிட வேண்டும். அதுதான் ஊரின் நாட்காட்டி. கடைசிக் கிழங்கு தீரும் கட்டத்தில் அவர் புது யாம் திருவிழாவுக்கு நாள் குறிப்பார், அதற்குப் பிறகுதான் ஊர் அறுவடை செய்யலாம். அடைபட்டுக் கிடந்த காலத்தில் பிறைகள் தப்பிவிட்டன, கிழங்குகள் மீந்துவிட்டன. திரும்பி வந்தவரிடம் பெரியவர்கள் கெஞ்சுகிறார்கள்: மீந்ததைச் சேர்த்துச் சாப்பிட்டுவிடு, பாவம் எங்கள் தலையில் விழட்டும். அவர் அசையவில்லை. தெய்வத்தின் கட்டளை என்கிறார். தன்னைச் சிறையிலிருந்து மீட்க வராத ஊர் மேலான கோபமும் அதில் கலந்திருக்கிறதா என்று அவருக்கே தெரியவில்லை. நிலத்தில் கிழங்கு வீணாகிறது, வீட்டில் பசி. அப்போது தேவாலயத்திலிருந்து ஒரு செய்தி வருகிறது. யாம் கிழங்கைக் கிறித்தவரின் கடவுளுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு அறுவடை செய்யுங்கள், உலுவின் கோபம் உங்களைத் தொடாது.

ஊர் போகிறது. பசிதான் போகச்சொன்னது. மாறிக்கொள்ளும் நெகிழ்வு இருந்த ஒரு மரபு, வெளியே இருந்து நெருக்கடி வந்தபோது விறைத்துக்கொண்டது. காலனியக் காலத்து மரபின் ஒரு முக்கியமான இயல்பு இது. அந்நியன் வாசலில் நிற்கும்போது, வீட்டுக்குள் கேள்வி கேட்பவனும் துரோகியாகத் தெரிகிறான்.

உடம்பின் மேல் நடந்த சண்டை

இதே இறுக்கத்தை கென்யாவில் கூகி வா தியாங்கோ எழுதினார். அவருடைய 'தி ரிவர் பிட்வீன்', 1965. தமிழில் 'இடையில் ஓடும் நதி' என்று வந்திருக்கிறது. எதிரெதிரே இரண்டு மலைமுகடுகள், கமேனோ, மகுயு. நடுவே ஹோனியா ஆறு. ஒரு முகடு பழைய வழி, மற்றது கிறித்தவ வழி.

1929 வாக்கில் கென்யாவின் கிகுயூ மக்களிடையே பெரிய பிளவு ஒன்று உண்மையிலேயே ஏற்பட்டது. பெண்களுக்குச் செய்யும் விருத்தசேதனச் சடங்கை மிஷனரிகள் தடைசெய்தார்கள். அதைக் கைவிடாதவர்களைச் சபையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் வெளியேற்றினார்கள். மறுபக்கம் அந்தச் சடங்கே இன அடையாளத்தின் கொடியானது. கிகுயூ மக்கள் தங்களுக்கென்று சுதந்திரப் பள்ளிகளைக் கட்டிக்கொண்டார்கள். பெண்ணுடம்புக்குத் தீங்கு செய்யும் வழக்கம் அது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதை எதிர்த்த கை, நிலத்தைப் பிடுங்கிய ஆட்சியின் கையோடு சேர்ந்து வந்தது. அதனால் அந்தப் பெண்களின் வலியைப் பற்றிய பேச்சு, யார் பக்கம் நீ என்ற பேச்சாக மாறிவிட்டது.

கூகி இதை ஒரு பெண்ணுக்குள் வைத்துக் காட்டுகிறார். உபதேசி ஜோஷ்வாவின் மகள் முத்தோனி. அவளுக்கு இயேசுவும் வேண்டும், தன் இனத்தில் முழுப் பெண்ணாகவும் ஆக வேண்டும். அப்பாவுக்குத் தெரியாமல் ஆற்றைக் கடந்து போய்ச் சடங்கு செய்துகொள்கிறாள். புண் ஆறவில்லை, இறந்துபோகிறாள். சாகும்போதும் இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு முகடுகளும் அவள் சாவைத் தங்கள் கட்சிக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. இரண்டையும் இணைக்க அவள் பட்ட பாட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடமும் மொழியும்

பீரங்கியைவிடப் பள்ளிக்கூடம் ஆழமாகப் போனது என்பதில் இந்த எழுத்தாளர்கள் எல்லோருக்கும் ஒரே கருத்து. செனகலின் ஷேக் ஹமிது கான் பிரெஞ்சில் எழுதி 1961-இல் வெளியான நாவலில், தியாலோபே மக்களின் அரச குடும்பத்துப் பெண் ஒருத்தி ஊரைக் கூட்டிப் பேசுகிறாள். அந்நியப் பள்ளியை நான் வெறுக்கிறேன், ஆனாலும் பிள்ளைகளை அங்கே அனுப்ப வேண்டும் என்கிறாள். நாம் நேசிக்கும் வயலை மழைக்கு முன் உழுது எரிக்கிறோம், நல்ல விதைகளைத்தான் மண்ணுக்குள் புதைக்கிறோம், பிள்ளைகளும் அப்படித்தான் என்கிறாள். நியாயமே இல்லாமல் ஜெயிக்கும் வித்தையை அவர்களிடம் போய்க் கற்று வரட்டும் என்பது அவள் கணக்கு. அனுப்பப்பட்ட பையன் சாம்பா தியாலோ பாரிஸ் வரை போய்த் தத்துவம் படித்துத் திரும்புகிறான். தொழ முடியாதவனாகத் திரும்புகிறான்.

கூகி தன் சிறுவயதுப் பள்ளியைப் பற்றி எழுதியிருக்கிறார். பள்ளி வளாகத்தில் யாராவது கிகுயூ பேசினால் அவர் கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். அடுத்துப் பேசுகிறவரிடம் அவர் அதைத் தள்ளிவிட வேண்டும். சாயங்காலம் யார் கையில் இருக்கிறதோ அவர், தனக்கு யார் கொடுத்தது என்று காட்டிக்கொடுக்க வேண்டும். அப்படியே சங்கிலி பிடித்து அன்றைய குற்றவாளிகள் அனைவரும் சிக்குவார்கள். பிரம்படி, அல்லது 'நான் முட்டாள்' என்று எழுதிய தகட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பது. தாய்மொழியைப் பேசியதற்குத் தண்டனை ஒரு பக்கம் இருக்கட்டும். கூடப் படிக்கிறவனைக் காட்டிக்கொடுக்கவும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

எந்த மொழியில் எழுதுவது என்ற சண்டை இங்கிருந்துதான் கிளம்புகிறது. அச்செபே ஆங்கிலத்தை வைத்துக்கொண்டார், ஆனால் அதை இக்போப் பேச்சின் நடைக்கு வளைத்தார். பழமொழி என்பது பேச்சைத் தொட்டுத் தின்னும் பனையெண்ணெய் என்ற இக்போ வழக்கை அவர் ஆங்கிலத்தில் எழுதியபோது, ஆங்கிலத்துக்கே வேறொரு ருசி வந்தது. கூகி வேறு முடிவெடுத்தார். 1977-இல் தன் ஊர் காமிரீத்துவில் விவசாயிகளோடும் தொழிலாளிகளோடும் சேர்ந்து கிகுயூ மொழியில் ஒரு நாடகம் போட்டார். அதை அரசு தடைசெய்தது, ஆண்டுக் கடைசியில் அவரை விசாரணையில்லாமல் காமிட்டி சிறையில் அடைத்தது. அது சுதந்திர கென்யாவின் அரசு என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் எழுதியவரை விட்டுவைத்தவர்கள், மக்களுக்குப் புரியும் மொழியில் வந்ததும் பயந்தார்கள். சிறையில் கழிவறைத் தாள்களில் ரகசியமாக ஒரு நாவலை கிகுயூவில் எழுதினார். 1980-இல் அது வெளியானது. தமிழில் அதன் பெயர் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்'. அதற்குப் பிறகு அவர் நாவல்களை கிகுயூவிலேயே எழுதினார், 2025 மே மாதம் காலமானார்.

பெண்கள் எழுதியபோது

இதுவரை சொன்ன கதைகளில் மரபு யாருடையது என்று பாருங்கள். பெரும்பாலும் அப்பாக்களுடையது, பூசாரிகளுடையது. பெண்கள் எழுத வந்ததும் கேள்வி மாறுகிறது.

ஜிம்பாப்வேயின் சிட்சி டங்கரெம்ப்கா 1988-இல் வெளியிட்ட 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்' நாவல், தன் அண்ணன் இறந்ததற்கு வருத்தப்படவில்லை என்று ஒரு பெண் சொல்வதோடு தொடங்குகிறது. நாடு ரொடீஷியா என்ற பெயரில் வெள்ளையர் ஆட்சியில் இருந்த காலம் அது. வீட்டில் ஒருவருக்குத்தான் படிப்பு, அது ஆண்பிள்ளைக்கு. தம்பு என்ற இந்தச் சிறுமி, பள்ளிக்கட்டணத்துக்காகத் தானே ஒரு துண்டு நிலத்தில் மக்காச்சோளம் போடுகிறாள். கதிர்களை அண்ணனே திருடிவிடுகிறான். பெரியப்பாவின் மிஷன் பள்ளிக்குப் போய்த் திரும்பும் அவன், தாய்மொழி ஷோனா மறந்துபோனதுபோல நடக்கிறான். அம்மா ஏதாவது கேட்டால் ஒற்றைச் சொல்லில் தட்டுத்தடுமாறிப் பதில். அந்த அம்மாவின் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மகன் படித்து வந்திருக்கிறான், அவனோடு அவளால் பேச முடியவில்லை.

பெரியப்பா பாபாமுகுரு இங்கிலாந்தில் படித்தவர், குடும்பத்துக்கே தெய்வம் மாதிரி. தம்புவின் அப்பா அம்மா தேவாலயத்தில் கல்யாணம் செய்யாததால்தான் வீட்டில் துரதிர்ஷ்டம் என்று அவர் முடிவு கட்டுகிறார். இத்தனை வருடம் குடும்பம் நடத்திப் பிள்ளைகள் பெற்றவர்களுக்கு மணப்பெண் உடை போட்டுக் கல்யாணம் நடத்துகிறார். அப்படியானால் இதுவரை நான் யார் என்று தம்புவுக்குத் தோன்றுகிறது. கல்யாண நாள் காலையில் அவளால் படுக்கையைவிட்டு எழவே முடியவில்லை. இந்தப் பெரியப்பாவை எந்தக் கட்சியில் சேர்ப்பது? தேவாலயத்தின் அதிகாரமும் குடும்பத் தலைவனின் பழைய அதிகாரமும் அவரிடத்தில் ஒன்றாகிவிட்டன. மரபும் காலனியமும் மோதிக்கொள்ளாமல், ஒரு பெண்ணின் தலைமேல் கைகோத்துக்கொண்டு நிற்கும் இடங்களும் உண்டு. அவர் மனைவியும் முதுகலை படித்தவள்தான். அவள் சம்பளம் எங்கே போகிறது என்று நாவலில் தேடிப் பாருங்கள்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், 'திங்ஸ் ஃபால் அபார்ட்' முதலில், அதன் முதல் பாதியை அவசரப்படாமல். பிறகு 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்'. 'ஏரோ ஆஃப் காட்' கொஞ்சம் பொறுமை கேட்கும், மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம். நாலாவதாக நைஜீரியாவின் புச்சி எமெச்செட்டா எழுதிய 'தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்', 1979.

அதில் நூ எகோ என்ற பெண் இபுசா ஊரிலிருந்து லாகோஸ் நகரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வருகிறாள். புருஷன் வெள்ளைக்காரர் வீட்டில் துணி துவைக்கிறவன். வெள்ளைக்காரியின் உள்ளாடையை ஒரு ஆண் துவைப்பதா என்று அவளுக்கு அருவருப்பு. இங்கே ஆண்கள் வெள்ளைக்காரனுக்கு வேலைக்காரர்களாக இருக்கவே நேரம் போதவில்லை, ஆண்களாக இருக்க ஏது நேரம் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள். அவனை உலகப் போருக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவள் விறகு விற்று, சிகரெட் விற்றுப் பிள்ளைகளை வளர்க்கிறாள். நிறையப் பிள்ளை பெற்றவள் முதுமையில் தனியாக இருக்க மாட்டாள் என்பது ஊரில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். நகரத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், படித்தவர்கள் கடல் தாண்டிப் போகிறார்கள். ஒருநாள் இரவு அவள் சாலையோரத்தில் தனியாகச் செத்துப்போகிறாள்.

அப்புறம் பிள்ளைகள் வந்து இபுசா அதுவரை பார்க்காத செலவில் அவளுக்கு ஈமச்சடங்கு செய்கிறார்கள். பிள்ளையில்லாத பேத்திகள் வேண்டிக்கொள்வதற்காக அவள் பெயரில் ஒரு கோயிலும் எழுப்புகிறார்கள். எவ்வளவு வேண்டியும் அவள் யாருக்கும் பிள்ளை வரம் கொடுப்பதில்லை. செத்த பிறகும் இப்படிக் கல்நெஞ்சாக இருக்கிறாளே என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.